வெறுங்குடல்

1899ஆம் ஆண்டு மழைக்காலத்தில், காலை ஷிப்டில், சுரங்க ஷாப்டின் ஆழத்தில் காத்தவராயன் மீது பாறை சரிந்தது. கேஜ் கூண்டில் மேலே கொண்டுவரும்போது பேசிக்கொண்டுதான் இருந்தான். பொழுது சாய்வதற்குள் சுரங்க ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. வெளிக்காயம் பெரிதாக ஒன்றுமில்லை. உள்ளே என்ன ஆனது என்று பார்க்க, மறுநாள் காலை வெள்ளைக்கார டாக்டர் உடலை அறுத்தார்.

பக்கத்தில் நின்று குறிப்பெழுதியவர், காயங்களுக்குக் கட்டுப்போடும் டிரெஸ்ஸர் சகாயம். டாக்டர் சொல்லும் ஒவ்வொரு பெயருக்கும் பொருள் தெரியாவிட்டால் அவருக்குக் கை ஓடாது. கேட்டுக் கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். சிறுகுடலின் முதல் பகுதிக்குப் பன்னிரண்டு என்று பெயர், அதன் நீளம் பன்னிரண்டு விரல்களின் அகலம் என்பதால். பெருங்குடல் தொடங்கும் பைக்கு ஒரு பக்கம் வழி கிடையாது, அதனால் அது குருடு. கடைசிக் குடலுக்கு நேர் என்று பெயர். மனிதனுக்கு அது வளைந்துதான் இருக்கிறது, பழைய வைத்தியர்கள் மிருகங்களை அறுத்துப் பார்த்து வைத்த பெயர் அது.

காத்தவராயனுக்கு ஈரல் கிழிந்திருந்தது.

சகாயம் வெளியே வந்தபோது காத்தவராயன் மனைவி சம்பங்கி சுவரோரம் நின்றிருந்தாள். கூட அவளுடைய அண்ணன் ராஜப்பா.

"உள்ள இன்னா பாத்தீங்கய்யா?" என்றாள்.

"ஈரல் கிழிஞ்சுபோச்சும்மா. மத்ததெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு. இரைப்பை, பன்னிரண்டு விரல் குடல், வெறுங்குடல்..."

பெயர்களைச் சொன்னால் இறந்தவனை ஒழுங்காகக் கவனித்தார்கள் என்று அவளுக்குத் தோன்றும் என நினைத்தார்.

"வெறுங்குடலா?"

"ஆமாம்மா."

சம்பங்கி அப்படியே தரையில் உட்கார்ந்தாள். "அன்னிக்கு காலைல சண்டை போட்டுக்கினோம். நான் களி கிண்டல. தண்ணிய மட்டும் குடிச்சிட்டு ஷாப்டுக்குப் போனாரு."

சகாயம் அவசரமாக அவள் பக்கம் குனிந்தார். "அய்யோ, அது அந்தக் குடலோட பேரும்மா! அந்தக் காலத்துல பொணத்த அறுத்துப் பாத்த வைத்தியருங்க கண்ணுக்கு அந்த எடம் மட்டும் எப்பவும் காலியா தெரிஞ்சுது. அதனால அப்படிப் பேரு வெச்சாங்க. விருந்து சாப்ட்டுட்டு செத்த ராஜாவுக்கும் அது வெறுங்குடல்தான்."

"ராஜாவப் பத்தி எனக்கு இன்னாத்துக்கு?" என்றாள் அவள்.

ஒன்பதாம் நாள் ராஜப்பா ஆஸ்பத்திரிக்கு வந்தான். "தங்கச்சி சோத்தத் தொடமாட்டேங்குது. நீங்க ஒரு தபா வந்து சொல்லுங்க."

சகாயம், சுரங்கக் கூலிகள் வரிசையாகக் குடியிருந்த ஸ்கெலட்டன் லைனில் அவர்கள் குடிசைக்குப் போனார். சம்பங்கி கன்னம் ஒட்டிக் கிடந்தாள். தட்டில் பிசைந்த சோறு காய்ந்திருந்தது. பெயரின் கதையை மறுபடி சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. அதனால் பொய் சொன்னார்.

"வயித்துல சோறு இருந்துச்சும்மா. நானே பாத்தேன். வழியில யாரோ குடுத்திருக்காங்க."

அவள் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தாள். "அன்னிக்கே சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்யா."

பழி சொல்வதுபோல இல்லை, மெதுவாகத்தான் சொன்னாள். அதற்குப் பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் ராஜப்பா அவளை மாட்டுவண்டியில் படுக்கவைத்து வடஆற்காட்டிலிருந்த சொந்த ஊருக்குக் கூட்டிப்போனான். குடியாத்தம் தாண்டுவதற்குள் அவள் உயிர் போய்விட்டது என்று ஒரு மாதம் கழித்துத்தான் சகாயத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கும் அறுக்க ஒரு உடல் காத்திருந்தது. டாக்டர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல, சகாயம் பொருள் யோசிக்காமல் எழுதிக்கொண்டே போனார்.