மூன்றாவது தரம்

ஒலிபரப்பு அறையின் ஏசி, மனிதர்களுக்காக வைத்தது மாதிரி தெரியவில்லை. பாடகி சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே இருந்த அறிவிப்பாளர், எல்லோரும் கேட்கும் கேள்விக்கு ஒருவழியாக வந்து சேர்ந்தார்.

"உங்க முதல் பாட்டு பாதியில நின்ன மாதிரியே இருக்கும். 'ஒரு தரம், ரெண்டு தரம்'னு பாடிட்டு நிறுத்திடறீங்க. அப்புறம் ஒண்ணுமே இல்ல. எங்க நேயர்கள்ல பாதிப் பேர் நாங்கதான் பாட்டை வெட்டிட்டோம்னு நினைச்சுக்கறாங்க."

இதற்கு அவளிடம் ஒரு ரெடிமேட் பதில் உண்டு. மீதியை ரசிகரின் கற்பனைக்கு விட்டுவிட்டேன் என்பாள். கேட்க அழகாக இருக்கும், சுத்தமான புளுகு. ஆனால் இன்றைக்கு நேரடி ஒலிபரப்பு. வீட்டில் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அவர் காதில் பூ சுற்ற அவளுக்கு மனம் வரவில்லை. உள்ளதையே சொன்னாள்.

அப்பா காய்கறி மொத்தச் சந்தையில் ஏலம் விட்டுக்கொண்டிருந்தவர். சந்தையில் அவருக்கு 'இடி' என்று பெயர். மைக் வைத்து ஏலம் விடுகிறவர்களை அவர் ஆள் கணக்கிலேயே சேர்த்ததில்லை. மேடையேறி "ஒரு தரம்" என்றால், கடைசி லாரிக்கு அடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். வீட்டிலும் அதே குரல்தான். அவர் உப்புக் கேட்டால் பக்கத்து வீட்டில் எடுத்து நீட்டுவார்கள். அவள் சின்னவளாக இருந்தபோது தட்டில் மிஞ்சும் கடைசி முட்டையை அவளுக்கும் அம்மாவுக்கும் நடுவில் ஏலம் போடுவார். அம்மா ஒவ்வொரு முறையும் வேண்டுமென்றே தோற்பாள்.

அந்தத் தொண்டையில் ஒரு கட்டி வந்தது. கெட்ட கட்டி இல்லை, ஆனாலும் எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். புண் ஆறியதும், பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் தினமும் 'ஆ', 'ஈ' என்று சொல்லிப் பழகச் சொன்னாள்.

"இன்னும் ரெண்டு மூணு மாசத்துக்குள்ள பேசிப் பழகலைன்னா உள்ள இருக்கிற தழும்பு இறுகிடும். அப்புறம் யார் தலைகீழா நின்னாலும் குரல் வராது. ஞாபகம் வச்சுக்கங்க."

அப்பா அங்கேயே ஒருமுறை வாயைத் திறந்து பார்த்தார். தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஏதோ வந்தது. இடியின் முகம் சுண்டிப்போனது. அன்றோடு வாயைப் பூட்டிக்கொண்டார்.

வீட்டில் ஒரு கரண்டியும் ஒரு கப்பும்தான் அவர் பேச்சு. ஒரு தட்டு தட்டினால் சரி. இரண்டு தட்டினால் வேண்டாம். விடாமல் தட்டினால் கோபம். அம்மா இதையெல்லாம் தன் வசதிக்குத் தக்கபடி மொழிபெயர்த்தாள். வேண்டாம் என்று தட்டினாலும் இன்னொரு கரண்டி சோறு விழும். இந்தக் கூத்தில் சிரிப்பு வந்தாலும் வீடு வீடாக இல்லை.

அப்போது அவள் ஒரு ஹோட்டல் முகப்பில் கீபோர்டு வாசித்துக்கொண்டிருந்தாள். எல்லாம் மற்றவர்கள் பாட்டு. வந்தவர்கள் அறைச் சாவியை வாங்கிக்கொண்டு லிஃப்டுக்குள் போகும்வரை காதில் விழுந்தால் போதும் என்பது முதலாளியின் சங்கீத ஞானம். சொந்தமாக ஒரு பாட்டு போட வேண்டும் என்ற ஆசை இருந்தது. பாட்டுத்தான் வரவில்லை.

ஒருநாள் காலை கூடத்தில் கீபோர்டின் முன் உட்கார்ந்தபோது கை தானாக அப்பாவின் ஏலக்குரலுக்குப் போனது. அது ஏறுகிற ஏற்றம், விலை கேட்க நிற்கிற நிறுத்தம் எல்லாம் விரலிலேயே இருந்திருக்கிறது. வார்த்தையும் கூடவே வந்தது. 'கூடை நிறைய வெயில் வந்திருக்கு, வாடும் முன்னே யாருக்கு வேணும்.' ஒரு தரம் வந்தது. ரெண்டு தரம் வந்தது. அங்கே மெட்டு உச்சியில் போய் உட்கார்ந்துகொண்டு இறங்க மாட்டேன் என்றது. 'மூணு தரம்' என்று எப்படிப் பாடினாலும் கடை அடைக்கிற மாதிரி இருந்தது. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. கீபோர்டை அணைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் அம்மா அவளைச் சமையலறைக்கு இழுத்தாள்.

"ஏண்டி, நேத்து என்னத்தை வாசிச்சுத் தொலைச்சே? உங்கப்பா சாயங்காலம் பூரா இருப்புக்கொள்ளாம நடந்துக்கிட்டே இருந்தாரு. கப்பை மூணு தடவை தட்டறாரு. காபி குடுத்தா தள்ளி விடறாரு. மறுபடி மூணு தட்டு."

மகளுக்குப் பொறி தட்டியது. ரெண்டு தரம் சொன்ன சரக்கை அந்தரத்தில் விட்டுப்போவது சந்தையில் கிடையாது. விற்றவனுக்கும் அது சொந்தமில்லை, கேட்டவனுக்கும் சொந்தமில்லை. மழை கொட்டினாலும், கேட்கிற ஆள் ஒருத்தன்தான் மிச்சம் என்றாலும், ஏலம் விட்டவர் முடித்துவிட்டுத்தான் மேடையை விட்டு இறங்குவார். ஆயுள் முழுக்க அப்படி முடித்தவர் காதில் இவள் ஒரு கூடை வெயிலைத் தொங்க விட்டுவிட்டுப் பஸ் ஏறியிருக்கிறாள்.

அன்றும் வாசித்தாள். ரெண்டு தரம் வந்ததும் கையை மடியில் வைத்துக்கொண்டாள். உள்ளறையிலிருந்து டக், டக், டக் என்று கேட்டது.

அம்மா சமையலறை வாசலுக்கு வந்து நின்றாள். "கரண்டியால தட்டினா ஏலம் முடியாதுங்க. வாயால சொன்னாத்தான் செல்லும். நீங்க சொன்ன சட்டம்தானே."

உள்ளே கரண்டி தரையில் விழும் சத்தம் கேட்டது.

அதற்குப் பிறகு தினமும் இதே கதைதான். அவர் கதவைச் சாத்திப் பார்த்தார். காதில் பஞ்சு வைத்தார். அவள் வாசிக்கிற நேரம் பார்த்து வெளியே நடக்கப் போனார். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து கதவோரம் நின்றார். அவர் கண்ணுக்குக் கீழே கருவளையம் விழுந்ததைப் பார்த்து மகளுக்கே பாவமாகிவிட்டது.

"உடம்பு சரியில்லாத மனுஷனைப் போட்டுப் படுத்தறோமோன்னு இருக்கும்மா. விட்டுடட்டுமா?"

அம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தவில்லை. "விடாதே. எனக்கு அந்தக் குரல் வேணும். நல்லா இல்லாட்டியும் வேணும்."

அடுத்த நாள், வீட்டில் இருந்த கரண்டி அத்தனையையும் அம்மா ஒளித்து வைத்தாள். மகள் வாசித்தாள். ஒரு தரம். ரெண்டு தரம். நிறுத்தினாள். அப்பா அறை வாசலில் வெறுங்கையோடு நின்றார். குழாய் சொட்டுவது மட்டும் கேட்டது. அவர் வாய் திறந்தது, மூடியது, மறுபடி திறந்தது.

"மூணு... தரம்."

மெலிந்து, துருப்பிடித்து வந்தது. அவருக்கே தூக்கிவாரிப்போட்டது. கையைக் கழுத்தில் வைத்துக்கொண்டார். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, சந்தையில் யாரும் கேட்கிற மாதிரி நிதானமாகக் கேட்டாள்.

"யாருக்குப் போச்சு?"

"உனக்குத்தான். வேற யாரு... கேப்பா."

அம்மா அழுதுவிட்டாள். மகளும் அழுதாள். அவர் அழவில்லை; சேர்த்து வைத்திருந்த குறையைச் சொல்லும் அவசரத்தில் இருந்தார்.

"ரெண்டாவதை ஏன்... இப்படி வெடுக்குனு விடறே? அங்க நிக்கணும். கடைசி நிமிஷத்துல... ஒருத்தனுக்கு மனசு வரும். கை தூக்க அவனுக்கு நேரம் குடுக்கணும்."

அப்படித்தான் அந்த ரெண்டாவது தரம் அவ்வளவு நீண்டது. மூன்றாவதற்கு அவள் மெட்டே போடவில்லை. அது அவர் இடம். 'ஆ', 'ஈ' எல்லாம் மூட்டை கட்டியாயிற்று. தினமும் காலையில் அவள் வாசிக்க, அவர் முடித்துவைப்பதே பயிற்சியாகிவிட்டது. இடி திரும்பி வரவில்லை. மேடையேறும் குரல் அது இல்லை என்று அவரே ஒதுங்கிக்கொண்டார். இப்போது உப்பை இரண்டு முறை கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் கேட்கிறார்.

அறிவிப்பாளர் கேள்வித் தாளை ஓரமாக வைத்தார். பிறகு, "பாட்டைப் போட்டுடலாமா?" என்றார். விளம்பரம் ஓடும் இடைவெளியில், கண்ணாடிக்கு அப்பால் இருந்த ஒலிப்பதிவாளர் ஸ்பீக்கரில் குரல் கொடுத்தார்.

"மேடம், கடைசியில வர்ற அந்த மௌனத்தை எப்பவும் வெட்டிடுவோம். சத்தம் நின்னா மேலேருந்து போன் வரும்."

"இன்னைக்கு ஒரு நாள் விட்டுடுங்களேன்."

அவர் தலையைச் சொறிந்தார். அறிவிப்பாளரைப் பார்த்தார். சரி என்று கையைக் காட்டினார்.

பாட்டு ஓடியது. ரெண்டு தரம் நீண்டு, நின்று, ஓய்ந்தது. ஒலிப்பதிவாளரின் விரல் பொத்தானுக்கு மேலேயே தவித்தது, அழுத்தவில்லை. மௌனம் முழுசாகப் போய் முடிந்தது.

நிகழ்ச்சி முடிந்து நடைவழிக்கு வந்ததும் வீட்டுக்குப் போன் அடித்தாள். அப்பாவே எடுத்தார்.

"கேட்டேன். நான் கரண்டியை வீசல. அது கை தவறி விழுந்துச்சு."

"வீசினீங்கன்னு நான் சொல்லலையேப்பா."

"சொன்ன விதம் அப்படி." கரகரத்த குரல் ஒரு மூச்சு வாங்கிக்கொண்டது. "இத்தனை வருஷமா நான் வாயைத் திறக்கறதுக்குள்ள சோப்பு விளம்பரம் போட்டுடுவானுங்க. இன்னைக்குத்தான் என்னை முடிக்க விட்டானுங்க."

அவள் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டாள்.

"யாருக்குப் போச்சுப்பா?"

அவர் பதில் சொல்வதற்குள், பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது.

"எனக்குத்தான்னு சொல்லுங்க. வேற யாரு கேப்பா."