வியாழக்கிழமை டொமினோ

வியாழக்கிழமை சாயங்காலமானால் நண்பன் கார்னெலின் சலூனில் டொமினோ ஆடப் போவதாக வீட்டில் சொல்லிவிட்டு, எவுசேபியோ சர்க்கரை வியாதி வராமல் தடுக்கும் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தான். ஊரில் மற்ற ஆண்கள் மனைவியிடம் பொய் சொல்லிவிட்டு எங்கெங்கோ போகிறார்கள். இவன் கீரை தின்னக் கற்றுக்கொள்ளப் போனான்.

வகுப்பு நடந்தது பிராங்ஸ் பகுதியில், அதே சலூன் பின்னறையில். கறுப்பின, லத்தீன் அமெரிக்க ஆண்கள் இந்த மாதிரி வகுப்புகளுக்கு வருவதே இல்லை என்று ஏதோ ஓர் அலுவலகத்துக்குக் கவலை. ஆகவே அவர்களுக்கென்றே திட்டத்தை மாற்றி அமைத்தார்கள். துண்டுப்பிரசுரத்தில் ஆப்பிள் கடித்துக்கொண்டிருந்த வெள்ளைக்காரப் பெண்மணியை எடுத்துவிட்டு, அதே ஆப்பிளைக் கடிக்கும் கறுப்பு ஆளைப் போட்டார்கள். லத்தீன்காரர்களுக்காக ஓரத்தில் ஒரு வாழைக்காய். பெண்கள் முன்னால் ஆண்கள் மனம் திறக்கமாட்டார்கள் என்று, பெண்களுக்கு அனுமதி இல்லை என்ற விதி வேறு. அந்த விதி பிரமாதமாக வேலை செய்தது. வந்த ஆண்களில் பாதிப் பேர் வீட்டில் மூச்சே விடவில்லை.

பயிற்சியாளர் தாடியஸ் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். அவருக்கே சர்க்கரை உண்டு. வகுப்பு தொடங்குமுன் எல்லாரும் எடை பார்க்க வேண்டும். அந்த நேரத்தில் பின்னறை விமான நிலையச் சோதனைச் சாவடி மாதிரி ஆகிவிடும். பெல்ட், சங்கிலி, சாவிக்கொத்து, ஷூ, சாக்ஸ் என்று கழற்றி மலையாகக் குவிப்பார்கள். குளிர்காலம் வந்ததிலிருந்து எவுசேபியோ மட்டும் சாக்ஸைக் கழற்றமாட்டான்.

"டேய், சாக்ஸுக்குள்ள தங்கம் வச்சிருக்கியா?" என்பான் கார்னெல்.

"தரை ஜில்லுங்குது மச்சான். ஆபீஸ்கிட்ட வாடகைய ஏத்தி வாங்கி ஹீட்டர் போடு, கழட்டுறேன்."

இதில் ஒரு சிக்கல் மிரேயா. டொமினோ ஆடுகிறவர்களுக்குப் பசிக்குமே என்று எவுசேபியோவின் மனைவி ஒவ்வொரு வியாழனும் ஒரு தட்டு நிறைய மாட்டிறைச்சி வைத்துப் பொரித்த பஸ்தெலீத்தோ கொடுத்தனுப்புவாள். வேண்டாம் என்றால் சந்தேகப்படுவாள். வழியில் கொட்டினால் பாவம். எனவே கொழுப்பைக் குறைப்பது எப்படி என்ற பாடம் நடக்கும்போது தட்டு கைமாறிக்கொண்டே போகும். தாடியஸும் ஒன்று எடுத்துக்கொள்வார், அளவு காட்டுவதற்காக.

வகுப்பில் படித்ததை வீட்டில் செய்ய எவுசேபியோவுக்கு வழியில்லை. இரண்டாம் தடவை சோறு வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். சொல்ல முடியாது.

அவளுடைய அப்பாவுக்குச் சர்க்கரையில் ஒரு கால் போயிற்று. பிறகு மற்றக் கால். பிறகு அவரே. அத்தனை வருஷமும் புண்ணைக் கழுவிக் கட்டியவள் மிரேயாதான். அடக்கம் முடிந்து வந்த அன்று, கையை மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, "இன்னொரு ஆம்பளைக்கு இதை நான் செய்ய மாட்டேன். சத்தியமா செய்ய மாட்டேன்," என்றாள். யாரிடமும் சொல்லவில்லை, குழாயிடம் சொன்னாள். பக்கத்தில் துண்டோடு நின்றிருந்தவன் எவுசேபியோ.

எல்லைக்கோட்டில் இருக்கிறீர்கள், கவனமாக இருந்தால் தப்பிக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது, அவனுக்கு அந்தக் குழாய்ச் சத்தம்தான் கேட்டது. அவளுக்குத் தெரியாமலே கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்துவிடலாம் என்று நினைத்தான்.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. அதில் ஒரு வியாழன் ரத்தப் பரிசோதனை. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி ஆறரையைத் தொட்டால் வியாதி, தொடாவிட்டால் இல்லை. அலுவலகம் கொடுத்த சின்ன இயந்திரத்தில் எவுசேபியோவின் விரல்நுனி ரத்தத்தை வைத்துவிட்டு, "அஞ்சு நிமிஷம் ஆகும் தம்பி. ஜெபம் பண்றதுன்னா பண்ணிக்கோ," என்றார் தாடியஸ்.

அப்போதுதான் திரைச்சீலையை முழங்கையால் விலக்கிக்கொண்டு மிரேயா வந்தாள். கையில் பெரிய பானை. சிவப்பு பீன்ஸை அரைத்து, பாலும் தேங்காய்ப்பாலும் சர்க்கரையும் விட்டு, சர்க்கரைவள்ளிக்கிழங்கும் திராட்சையும் போட்டுக் காய்ச்சிய பாயசம். தவக்காலத்தில் டொமினிக்கன் குடியரசுக்காரர்கள் வீடுகளில் இதைப் பானை பானையாகக் காய்ச்சித் தெரிந்தவர்களுக்கெல்லாம் கொடுப்பார்கள். டொமினோ நண்பர்களை அவள் விட்டுவிடுவாளா?

டொமினோ இல்லை. நடுவில் எடை பார்க்கும் இயந்திரம். சுற்றிலும் வெறுங்காலோடு பெரிய பெரிய ஆண்கள். சுவரில் ஆப்பிள் கடிக்கும் ஆள்.

"அம்மா, இங்க லேடீஸுக்கு…" என்று தாடியஸ் ஆரம்பித்தார். அவள் பார்த்த பார்வையில் விதி அங்கேயே ரத்தாகிவிட்டது.

"எந்த ஆட்டம் இது?" என்றாள்.

பதிலுக்கு ரத்தம் பார்க்கும் இயந்திரம்தான் கீச்சிட்டது. தாடியஸ் குனிந்து பார்த்தார். பிறகு எவுசேபியோவைப் பார்த்தார்.

"சொல்லுங்க," என்றாள் மிரேயா. "எங்கப்பாவுக்கு நான் இதைப் பார்த்திருக்கேன். எனக்கு நம்பர் புரியும்."

"ஏழு புள்ளி நாலும்மா."

அவள் பானையைக் கீழே வைத்தாள். "எத்தனை நாளா இந்தக் கூத்து?"

"இலையுதிர் காலத்துல இருந்து," என்றான் எவுசேபியோ.

"அப்ப இருந்து நான் பொரிச்சுப் பொரிச்சு அனுப்பியிருக்கேன். ஒவ்வொரு வாரமும் மிச்சம் இருந்துச்சான்னு கேட்டிருக்கேன். என் கையாலயே உனக்கு ஊட்ட விட்டுட்டு, பார்த்துக்கிட்டு இருந்திருக்க."

"நீதான் சொன்ன. இன்னொருத்தனுக்குச் செய்ய மாட்டேன்னு. உங்கப்பா போன அன்னிக்கு, குழாய்கிட்ட."

அவள் பார்வை சுற்றியிருந்த வெறுங்கால்களில் ஓடி, அவன் சாக்ஸில் வந்து நின்றது.

"எங்கப்பா புண்ண ஷூவுக்குள்ள மறைச்சு வச்சிருந்தார். என்கிட்ட காட்டினப்ப எலும்பு தெரிஞ்சுது. மறைக்கிறவனுக்குச் செய்ய மாட்டேன்னுதான்டா சொன்னேன், மடையா."

கார்னெல் ஏதோ நகைச்சுவையாகச் சொல்ல வாயெடுத்தான். மூடிக்கொண்டான்.

"கழட்டு," என்றாள்.

"என்னத்த?"

"சாக்ஸ."

எவுசேபியோ உட்கார்ந்தான். வலது கால் சாக்ஸைக் கழற்றினான். நல்ல கால். எல்லாரும் பார்த்தார்கள். இடது காலில் கை வைக்கவில்லை.

மிரேயா மண்டியிட்டு, தானே பிடித்து மெதுவாக உருவினாள். கடைசியில் துணி ஒட்டிக்கொண்டது. அவசரப்படாமல், சலூன் குப்பியில் இருந்த தண்ணீரைத் தொட்டு நனைத்து எடுத்தாள். அந்தக் கைக்குப் பழக்கம் இருந்தது. சுண்டுவிரலுக்குக் கீழே இருந்த கொப்புளம் உடைந்து ஓரம் கறுத்திருந்தது.

"எப்போ இருந்து?"

"கிறிஸ்துமஸுக்கு வாங்கின ஷூ. கடிச்சிடுச்சு. ஆறிடும்னு…"

"ஆறிச்சா?"

அவன் காலைப் பின்னால் இழுத்துக்கொள்ளப் பார்த்தான். தாடியஸ் எழுந்து, மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போன் போட்டார். அறையில் இருந்த மற்ற ஆண்கள் அவரவர் பாதத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவன் திருப்பி உள்ளங்காலையும் பார்த்தான்.

மிரேயா கையை நீட்டினாள். "கார் சாவி."

"நானே ஓட்டுறேன். பதினெட்டு வருஷமா டாக்ஸி ஓட்டுறவன் நான்."

"சாவி."

கொடுத்தான். கார்னெலின் தோளில் சாய்ந்து நொண்டிக்கொண்டு வாசல் வரை வந்தவன், பயந்துகொண்டே கேட்டான்: "மிரேயா, இதைக் கழுவிக் கட்டுறதெல்லாம் யாரு…"

"முதல்ல காலைக் காப்பாத்துவோம். அதுக்கப்புறம் உன்கூட இருக்கேனா இல்லையான்னு யோசிக்கிறேன்," என்றாள் அவள். "முன்னாடி உட்காராத. பின்னாடி போய்க் காலை நீட்டிப் படு."

தன் டாக்ஸியின் பின்சீட்டில் எவுசேபியோ முதல் தடவையாக ஏறினான். உள்ளே பின்னறையில், பாயசப் பானையின் மூடியைத் திறக்காமல் எல்லாரும் சுற்றி நின்றிருந்தார்கள்.