துணைக்கு வந்த தம்பி

அருந்ததிக்குச் சோறு இறங்குவதில்லை. மென்று விழுங்குவாள், அது நெஞ்சுக்குழிக்கு மேலே வந்து அப்படியே நிற்கும். எழுந்து நின்று இரண்டு கையையும் உயர்த்தித் தண்ணீரை ஊற்றித் தள்ளிப் பார்ப்பாள். முக்கால்வாசி நாள் தண்ணீரும் சோறும் சேர்ந்தே திரும்பி வந்துவிடும். உணவுக்குழாயின் அடிவாசல் இறுகிக் கிடக்கிறது, வாய்வழியே கமராக் குழாய் விட்டு, உள்ளே பலூனை ஊதி அதை விரிக்கவேண்டும், கொழும்புக்குப் போ என்று யாழ்ப்பாணத்து டொக்டர் துண்டு எழுதிக் கொடுத்தார்.

சண்டைக்காலத்தில் கொழும்புக்குப் போவதென்ன சும்மா காரியமா? வருத்தக்காரிக்கு ஒரு பாஸ், துணைக்கு வருபவருக்கு ஒரு பாஸ். துணைக்கு வந்தவன் தம்பி சிவானந்தன். இருபத்தாறு வயது. கனடாவுக்கு அனுப்பிவிடுகிறேன் என்று ஏஜென்சிக்காரன் ஒருவன் அவனுக்கு ஆசை காட்டியிருந்தான். அது அருந்ததிக்கும் தெரியும். போகட்டும், நல்லாயிருக்கட்டும் என்றுதான் அவளும் நினைத்திருந்தாள்.

வெள்ளவத்தை லொட்ஜில் நாலு மாதம் ஓடிவிட்டது. சிங்களம் தெரிந்தவன் அவன்தானே, கிளினிக்குக்கு அவனே போய்வந்தான். "உங்களுக்கு இந்த அலைச்சல் ஏலாது அக்கா, நான் கேட்டுக்கொண்டு வாறன்" என்பான். ஒருமுறை மெஷின் பழுதாம். அடுத்தமுறை டொக்டர் லீவாம். ஒவ்வொருமுறையும் கிளினிக் காட்டில், அந்த மடித்த அட்டையில், புதுத் திகதி ஒன்று ஏறும். பொலிஸ் லொட்ஜுக்கு வந்து, இளந்தாரி நீ இங்கே ஏன் நிற்கிறாய் என்று கேட்டால், அந்தக் காட்டைத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டுவான். பாவம், என்னால்தானே இந்தப் பிள்ளை இப்படி இழுபடுகிறது என்று அவள் அழுதுமிருக்கிறாள். மண்டு!

ஒருநாள் வெறுந்தேத்தண்ணியும் இறங்க மறுத்தது. அவன் ஏஜென்சிக்காரனைப் பார்க்க நீர்கொழும்புக்குப் போயிருந்தான். கொழுவியிலே அவன் மாற்றிப்போட்ட சட்டைக்குள் காட்டு மறந்துபோய்க் கிடந்தது. எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

கிளினிக்கில் தமிழ் பேசும் தாதி மிஸ்ஸி ஒருத்தி, பெயர் ஹமீமா, காட்டைப் பார்த்துவிட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

"மூணு தரம் திகதி தந்தோமே. ஒவ்வொரு தரமும் ஒங்கட தம்பி வந்து, அக்காக்கு காய்ச்சல், பின்னுக்குப் போடுங்க எண்டு சொன்னாரே."

"எனக்கா? காய்ச்சலா?"

"மெஷின் எல்லாம் நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள் ஹமீமா, அவள் கேட்காமலேயே.

அருந்ததி காட்டில் ஏறியிருந்த திகதிகளை விரலால் தொட்டு எண்ணிப் பார்த்தாள். அவளுடைய தொண்டை அடைத்துக்கிடக்கும் வரைக்கும்தான் அவன் கொழும்பில் நிற்கலாம். அதற்காகத் திறக்கவிடாமல் பார்த்துக்கொண்டான். அவள் தட்டோடு மூலையில் நின்று கையை உயர்த்திக்கொண்டு தவித்ததை, கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தானே! ஒரு சொல் கேட்டிருந்தால் அவளே இன்னும் ஆறு மாதம் பட்டினி கிடந்திருப்பாள். கேட்கவில்லை. அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

அன்று வரவேண்டிய நோயாளி ஒருவர் வரவில்லை. "இண்டைக்கே செய்யலாம். ஆர் கையெழுத்து வெக்கிற?" என்று கேட்டாள் ஹமீமா. அருந்ததி பேனையை வாங்கித் தானே வைத்தாள். தொண்டைக்கு மரப்பு மருந்து அடித்தார்கள், கையில் ஊசி போட்டார்கள். குழாய் உள்ளே போனதும் ஓங்காளித்ததும் அரைகுறையாக நினைவிருந்தது. பிறகு நெஞ்சுக்குள் ஒரு பெரிய வலி. அவ்வளவுதான்.

அடுத்தநாள் காலை வார்ட்டுக்குச் சிவானந்தன் மூச்சிரைக்க ஓடிவந்தான். விழுங்க முடிகிறதா என்று கேட்டானா? இல்லை.

"ஏனக்கா எனக்குச் சொல்லாமல் வந்தனீங்கள்? இன்னும் ஒரு மாசம்தான், அலுவல் முடிஞ்சிடும். சரிவரேல்லை எண்டு டொக்டரிட்டச் சொல்லுங்கோ. காட்டை முடிச்சாங்கள் எண்டால் என்னைத் திருப்பி அனுப்பிப்போடுவாங்கள்."

"எனக்கு எத்தினை தரமடா காய்ச்சல் வந்தது?"

அவன் தலையணைக்குப் பக்கத்தில் கிடந்த காட்டை எடுத்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

டொக்டர் வந்தார். சிங்களவர், தமிழ் வராது. "கன்ன புளுவந்த?" என்று அவளிடம் கேட்டார். சாப்பிட முடிகிறதா என்கிறார் என்று அவளுக்கு விளங்கியது. வாயைத் திறப்பதற்குள் தம்பி முந்திக்கொண்டான்.

"பே, சேர். பே."

முடியாதாம். நாலு மாதம் வெள்ளவத்தையில் இருந்தவளுக்கு அந்த ஒரு சொல் தெரியாதா?

கட்டிலருகே அரிசிக்கஞ்சி ஆறிக்கொண்டிருந்தது. அருந்ததி கோப்பையைக் கையில் எடுத்தாள். "அக்கா, வேண்டாம்" என்றான் அவன், மெல்ல. டொக்டரைப் பார்த்துக்கொண்டே குடித்தாள். முதல் மிடறு நிற்கவில்லை. வழுக்கிக்கொண்டு வயிற்றுக்குப் போயிற்று. ஐயோ, எவ்வளவு சுகம்! கண்ணீர் கொட்டியது. நிறுத்தாமல், அடியில் கிடந்த சோற்றுப்பருக்கையையும் விரலால் வழித்து வாயில் போட்டு விழுங்கி, வெறுங்கோப்பையை டொக்டரிடம் நீட்டினாள்.

டொக்டர் சிரித்தார். காட்டைத் தரச்சொல்லித் தம்பியிடம் கையை நீட்டினார்.