இடது பக்கம் திரும்பாத வண்டி

பழைய புல்டோசரின் வலது லிவரைப் பின்னுக்கு இழுத்து, அது முன்னுக்குப் போகாதபடி சிவப்புப் பெயிண்ட் அடித்த ஒரு மரக்கட்டையை அண்டக் கொடுத்திருந்தார்கள். மூன்று மாதத்துக்கு முன்பு, ஷெட்டுக்குள் முதன்முதலாக வண்டிமேல் ஏறிய அன்று பூனை அதைப் பார்த்தாள். அண்ணன் கெட்டிக்காரன்தான் என்று நினைத்துக்கொண்டாள். நெடுநாள் நிறுத்தி வைக்கிற வண்டிக்கு லிவரை இழுத்துக் கட்டை வைத்தால்தான் அந்தப் பக்கத்துக் கிளட்ச் தகடுகள் விலகி நிற்கும். துருப்பிடித்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாது. வலது பக்கம் பார்த்தவளுக்கு இடது பக்கம் பார்க்கத் தோன்றவில்லை.

பூனை என்பது வீட்டில் வைத்த பெயர். வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது என்பதால். பஸ் டெப்போவில் பதினாறு வருஷம் ஃபிட்டராக இருந்தவள், இந்த வண்டிக்காக வேலையை விட்டுவிட்டாள். அந்தச் சேதியை அவள் வீட்டில் சொன்னது நான்கே வார்த்தையில். அதற்கு அண்ணன் பேசியது நான்கு நாள்.

வண்டி அண்ணனுடையது. ஓட்டிச் சம்பாதித்து, முதுகு போய், பதினோரு வருஷத்துக்கு முன்பு நிறுத்தியது. இப்போது ஷெட்டை வேறு ஆளுக்கு விட்டாகிவிட்டது. பழைய இரும்புக்காரருக்கு அண்ணன் வாக்குக் கொடுத்துவிட்டான். தங்கைக்கும் ஒரு வாக்குக் கொடுத்தான்.

"மூணு மாசம் தர்றேன். கடைசிச் சனிக்கிழம பன்னெண்டு மணிக்குள்ள தானா உருண்டு டிரெய்லர் ஏறிடுச்சுன்னா வண்டி உனக்கு. ஏறலன்னா கேஸ் கட்டருக்கு. அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காரக் கூடாது, சொல்லிட்டேன்."

"சரி" என்றாள். பேசுகிற நேரத்தில் ஒரு நட்டைக் கழற்றலாம்.

இறுகிக் கிடந்த பிஸ்டன்கள் டீசலில் ஊறி அசைவதற்கே பதினெட்டு நாள் ஆயிற்று. டேங்கின் அடியில் மொத்தையாய்ப் படிந்திருந்த கறுப்பு வண்டலைக் கைவிட்டு வழித்தாள். மண் தள்ளும் பிளேடைத் தூக்குகிற எண்ணெய் ஹோஸ்களை மாற்றினாள். இரண்டு பக்கமும் சக்கரங்களைச் சுற்றி ஓடும், தொய்ந்த செயின்களை, மேல் ரோலருக்கும் முன்சக்கரத்துக்கும் நடுவில் மூன்று விரல் தொய்வு மட்டும் விட்டு இழுத்துக் கட்டினாள். அதற்குமேல் இறுக்கினால் பார்க்க அழகாயிருக்கும், ஒரே மாதத்தில் எல்லாம் தேய்ந்துவிடும். வியாழக்கிழமை, வண்டியிலேயே இருக்கும் சின்னப் பெட்ரோல் இன்ஜினைக் கிளப்பி, அதைக்கொண்டு பெரிய டீசல் இன்ஜினைச் சுழற்றினாள். ஷெட் கூரையில் இருந்த தூசியெல்லாம் அவள் தலையில் கொட்டியது. சிவப்புக் கட்டையை எடுத்துவிட்டு ஒரு முழம் முன்னே, ஒரு முழம் பின்னே நகர்த்திப் பார்த்தாள். அதற்குமேல் உள்ளே இடமில்லை. இன்ஜினை அணைத்துவிட்டு, சூடு ஆறும்போது இரும்பு விடுகிற சின்னச் சின்னச் சத்தங்களைக் கேட்டபடி நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். எல்லாம் சரியாக இருப்பதாகத்தான் பட்டது.

சனிக்கிழமை பதினொன்றேகாலுக்கு டிரெய்லர் வந்தது. முற்றத்தின் இடது கோடியில்தான் கேட். அதனால் டிரெய்லர் அங்கேயே பின்பக்கமாக நுழைந்து, சரிவுப் பலகைகளை இறக்கி நின்றது. வலது பக்கம் முழுக்கப் புதிய ஆளின் சிமென்ட் கற்கள். டோசர் ஷெட்டிலிருந்து நேராக வெளியே வந்து, இடது பக்கம் திரும்பி, ஏற வேண்டும். அவ்வளவுதான்.

பழைய இரும்புக்காரர் இரும்பை வெட்டும் கேஸ் சிலிண்டரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து நிழலில் நிறுத்தினார். நல்ல மனுஷர். அவளைப் பார்த்து, "தங்கச்சி, நீ ஏத்திட்டா எனக்குச் சந்தோஷம்தான். ஏத்தலன்னாலும் சந்தோஷம்தான்" என்றார்.

வண்டி புகையைக் கக்கிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தது. அண்ணன் தன்னையறியாமல் இரண்டு கையையும் தூக்கி வழி காட்ட ஆரம்பித்துவிட்டான்.

"இடது! இடது ஒடி!"

பூனை இடது லிவரை இழுத்தாள். வண்டி நேராகப் போனது. பிரேக்கையும் சேர்த்து மிதித்தாள். இன்ஜின் முக்கியது, வண்டி நடுங்கியது, ஆனால் இம்மியும் திரும்பவில்லை. எதிர்ச் சுவர் நாலடியில் இருக்கும்போது நிறுத்தினாள். வலது லிவரை இழுத்து ஓரடி நகர்த்திப் பார்த்தாள். வண்டி வெண்ணெயாய் வலது பக்கம் வளைந்தது.

இடது கிளட்ச் ஒட்டிக்கொண்டிருந்தது.

"என்னாச்சு?" என்று கத்தினான் அண்ணன். "ரெண்டுக்கும் கட்டை வச்சுத்தானே நிறுத்தினேன்!"

அவள் கால்மாட்டில் கிடந்த சிவப்புக் கட்டையைப் பார்த்தாள். இதே மாதிரி இன்னொன்றை எங்கேயோ பார்த்திருக்கிறாள், தினம் தினம் தாண்டியிருக்கிறாள். எங்கே என்று மனசுக்குத் தெரிந்துவிட்டது. சிரிப்பு வந்தது. அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று ஒதுக்கி வைத்தாள்.

மணி பதினொன்று நாற்பது. சீட்டைக் கழற்றி, டேங்கை இறக்கி, கிளட்சைப் பிரிக்க ஒரு வாரம் ஆகும்.

"இறங்கிடு பூனை" என்றான் அண்ணன். குரலில் வெற்றி எதுவும் இல்லை. "நீ பண்ணதே பெருசு. இறங்கு."

அவள் கண்ணை மூடி, கீழே இரண்டு செயின்களையும் மனசுக்குள் ஓட்டிப் பார்த்தாள். வலது லிவரை இழுத்தால் வலது செயின் நிற்கும், இடது செயின் மட்டும் ஓடும். முன்னே போனால் மூக்கு வலது பக்கம் போகிறது. அதே இடது செயின் பின்னே ஓடினால்?

ரிவர்ஸ் போட்டு வலது லிவரை இழுத்தாள். வண்டியின் பின்பக்கம் மெல்ல வலது பக்கம் ஒதுங்கியது. மூக்கு, யாரோ காதைப் பிடித்துத் திருப்பியது போல, இடது பக்கம் நகர்ந்தது.

"ஏய், எங்க போற? முன்னாடி வா! முன்னாடி!"

"முன்னாடி வரத்தாண்ணே பின்னாடி போறேன்."

நேராக ஆறடி முன்னே. வலதை இழுத்து ஆறடி பின்னே. மறுபடி முன்னே. ஒவ்வொரு தடவையும் மூக்கு ஒரு முழம் டிரெய்லரை நோக்கி வந்தது. நாலாவது தடவைக்கு அண்ணன் கத்துவதை நிறுத்திவிட்டான். ஏழாவது தடவைக்கு அவன் கை தானாகவே 'பின்னாடி, பின்னாடி' என்று காட்டிக்கொண்டிருந்தது. இரும்புக்காரர் தள்ளுவண்டிமேல் உட்கார்ந்து பீடியைப் பற்ற வைக்க மறந்து கையில் வைத்திருந்தார்.

முதல் தடவை சரிவுப் பலகையில் ஏறும்போது மூக்கு ஒரு கை அகலம் வலதில் இருந்தது. சரிவில் பாதி ஏறியவள் அசையாமல் நின்றாள். லிவரைத் தொட்டால் வண்டி புரளும். அப்படியே நேராக, இம்மி இம்மியாக, தரைக்கு இறங்கினாள். கீழே வந்து, இன்னும் ஓரடி பின்னே போகும்போது வலது லிவரைக் கொஞ்சம், கொஞ்சமே கொஞ்சம் இழுத்தாள். பிறகு இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, லிவர் பக்கமே போகாமல், ஏறினாள்.

டிரெய்லர் ஒரு முறை தாழ்ந்து நிமிர்ந்தது.

பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருந்தது. இரும்புக்காரர் சிலிண்டர் வண்டியை வந்த வழியே திருப்பினார். "இடது பக்கம் திரும்பாத வண்டிய இடது பக்கம் திருப்பிட்டியே தங்கச்சி. உன்கிட்ட நான் வாதாட மாட்டேன்."

அண்ணன் வண்டிமேல் ஏறி இடது லிவருக்கு முன்னால் குனிந்து பார்த்தான். கட்டை இருந்த அடையாளமாக ஒரு சிவப்புக் கீறல் மட்டும் இருந்தது. அவன் அதை விரலால் தடவினான்.

"அண்ணே, நம்ம வீட்டுச் சமையலறைக் கதவுக்கு எதை அண்டக் குடுத்திருக்கு?" என்று கேட்டாள்.

அவன் விரலில் ஒட்டிய தூசியைச் சட்டையில் துடைத்துக்கொண்டான்.

"கதவு படார் படார்னு அடிக்குதுன்னு உங்க அண்ணி சொன்னா" என்றான் கடைசியில். "கைக்கு எட்டுனது அதுதான். ரெண்டு நாள்ல வேற கட்டை செஞ்சு போட்டுக்கலாம்னு எடுத்துட்டுப் போனேன்."

"ரெண்டு நாள்" என்றாள் பூனை.

திங்கட்கிழமை காலை, தூர்வார வேண்டிய வறண்ட குளத்தின் கரையில் அவள் செயினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தபோது அண்ணன் வந்து சேர்ந்தான். கையில் சிவப்புக் கட்டை. ஒரு பக்கம் எண்ணெயும் குழம்பும் ஏறிக் கறுத்திருந்தது.

"உங்க அண்ணி திட்டுறா. விடிஞ்சதுலேர்ந்து கதவு நாலு தடவ அடிச்சிடுச்சாம்."

"உள்ள வைங்க."

அவன் இடது லிவரை இழுத்துக் கட்டையைச் செருகினான். அவள் பிளேடைக் கரையின் கெட்டி மண்ணில் முட்டவிட்டு, இடது பிரேக்கை மிதித்து, கியரைப் போட்டாள். ஒன்றும் நடக்கவில்லை. பின்வாங்கி மறுபடி முட்டினாள். ஆறாவது முட்டலில் வண்டியின் வயிற்றுக்குள் டப் என்று ஒட்டியிருந்த தகடுகள் விட்டன. இடது செயின் நின்றது. வலது செயின் ஓடியது. வண்டி மெதுவாக, தானாக, இடது பக்கம் வளைந்து குளத்துக்குள் இறங்கியது.

"பூனை, கட்டைய எடுத்துக் குடு! அவ காத்திருக்கா!"

இன்ஜின் சத்தத்தில் கேட்காதது போல அவள் இன்னொரு முறை இடது பக்கம் திரும்பினாள்.