நாலடித் தூரம்

கோதண்டம் வீட்டு மூத்த மகன் கல்யாணத்துக்கு லாசர் எடுத்த படங்களில் ஆட்கள் இருந்தார்கள், முகங்கள் இல்லை. ஆல்பத்தைக் கண்ணுக்குக் கிட்டே பிடித்தும் எட்டப் பிடித்தும் பார்த்துவிட்டு, "இதுல மாப்பிள்ள யாரு, தோழன் யாரு, நீயே சொல்லிடு லாசரு" என்று கோதண்டம் சிரித்தார். அத்தனை முகங்களும் கடுகு கடுகாக இருந்தன.

குறை கேமராவில் இல்லை, எடுத்தவர் கையிலும் இல்லை. பந்தல் வாசலில் கட்டின வாழைமரத்துக்கு வெளியே நின்று மணவறையைப் படம் பிடித்தால் முகம் அப்படித்தான் விழும். வாழைமரத்தைத் தாண்டி வராதே என்று லாசரிடம் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. மண்ணூர்க் காலனியில் பிறந்தவருக்கு அதைத் தனியாகச் சொல்லவும் வேண்டாம். புரசைவாக்கத்தில் ஒரு ஸ்டுடியோவில் எட்டு வருஷம் இருந்து தொழில் படித்துவிட்டு, ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் தனிக்கடை போட்டவர் அவர். சுற்றுவட்டாரத்தில் வேறு போட்டோக்காரர் இல்லாததால் ஊர்க்காரர்கள் கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட்டார்கள். கூப்பிட்டு, வெளியே நிறுத்தினார்கள். வெளியே நின்றவர் எடுத்த படம் தெளிவாக இல்லையே என்று குறையும் பட்டுக்கொண்டார்கள். இந்த நியாயத்தை எந்தக் கோர்ட்டில் போய்ச் சொல்வது?

அது எழுபத்தொன்பதாம் வருஷம். ஆவணியில் கோதண்டத்தின் ஒரே மகள் ராஜாமணிக்குக் கல்யாணம் வைத்திருந்தார்கள். லாசரின் பழைய லென்சில் பூஞ்சை படர்ந்து, எதை எடுத்தாலும் பனி மூட்டம் போட ஆரம்பித்திருந்தது. புதிதாக ஒன்று வாங்காமல் இந்தக் கல்யாணத்தை எடுக்க முடியாது என்று சொல்லத்தான் கோதண்டத்தின் ரைஸ்மில்லுக்குப் போனார்.

லாசரின் அப்பா கோதண்டத்தை 'ஆண்டே' என்று கூப்பிட்டவர். அந்தச் சொல் லாசருக்கு வாயில் வரவில்லை. 'சார்' என்றால் திமிர் என்பார்கள். கோதண்டம் ஒரு தடவை பஞ்சாயத்துத் தலைவராக இருந்தது நல்லதாகப் போயிற்று.

"தலைவரே, லென்சு கெட்டுப்போச்சு. வேற வாங்கணும்."

"நானே சொல்லணும்னு இருந்தேன்" என்றார் கோதண்டம். உண்மையிலேயே சந்தோஷமாகச் சொன்னார். "என் மச்சான் மெட்ராஸ்ல பார்த்தானாம். தூரத்துல கீறத கிட்ட இழுக்குற லென்சு ஒண்ணு வந்துகீதாமே, ஜூமு. அத வாங்கிடு. நீ நின்ன எடத்த வுட்டு ஒரு அடி நகர வேணாம், மூஞ்சியெல்லாம் பளிச்சுனு வுழும். என் பொண்ணு கல்யாணம் லாசரு. மூஞ்சி தெரியணும். உன் கூலிய முன்னாடியே வாங்கிக்கோ."

கோதண்டம் கெட்ட மனிதர் இல்லை. காலனியில் காய்ச்சல் என்றால் மில் லாரியை அனுப்பி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகச் சொல்கிறவர். நெடுநாள் குறை ஒன்றுக்கு வழி கண்டுபிடித்துவிட்ட திருப்தி அவர் முகத்தில் இருந்தது. அதுதான் லாசருக்கு வலித்தது. திட்டியிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

வீட்டில் மனைவி அற்புதமேரிக்கு இதில் யோசிக்க ஒன்றும் இருக்கவில்லை.

"அவரு சொல்றதத்தான் வாங்கினு வாயேன். இந்த ஒரு கல்யாணம் நல்லா அமைஞ்சா தை மாசம் வரைக்கும் ஊருப்பக்கம் ஏழெட்டு கல்யாணம் கீது. எல்லாம் அவுங்க சொந்தக்காரங்க."

"அதுக்கப்புறமும் வாழமரத்தாண்டதான் நிப்பேன்."

"இப்ப மட்டும் எங்க நிக்கிற?"

லாசர் மறுநாள் பஸ் ஏறி மெட்ராஸுக்குப் போனார்.

பர்மா பஜாரில் பெட்டிக்கடை அளவில் ஒரு கடை. லாசரின் கேமராவுக்குப் பொருந்துகிற லென்சு இரண்டுதான் கடைக்காரரிடம் இருந்தது. ஒன்று முழங்கை நீளத்தில் பாதி இருக்கும் ஜூம். மற்றது உள்ளங்கையில் அடங்குகிற ஐம்பது எம்.எம். விலை ஏறக்குறைய ஒன்றேதான். இரண்டும் வாங்கக் கையில் இல்லை.

ஜூமை மாட்டி லாசர் எதிர்ச் சாரியைப் பார்த்தார். வளையத்தைத் திருகத் திருக, ரோட்டுக்கு அந்தப் பக்கம் வெள்ளரிப்பிஞ்சு விற்றுக்கொண்டிருந்த அம்மாள் நகர்ந்து நகர்ந்து வந்தாள். மூக்குத்தி தெரிந்தது, மேலுதட்டு வியர்வை தெரிந்தது. அவளுக்குத் தன்னை ஒருவர் பார்ப்பதே தெரியாது. லாசருக்கு ஒரு நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. இது இருந்தால் பிழைப்புக்குக் கவலையில்லை. பந்தலுக்கு வெளியே நின்றபடி ராஜாமணியின் நெற்றிச் சுட்டிவரை எடுத்துவிடலாம்.

"சின்னது எப்படி?" என்று கேட்டார்.

"அதுல இழுக்குறது தள்ளுறது ஒண்ணும் கெடையாது. ஆளு பெரிசா வுழணும்னா நீ நாலடிக்கு நடந்து போவணும். ஆனா இருட்டுப் பந்தல்ல பிளாஷ் இல்லாமலே எடுக்கலாம், அவ்ளோ வெளிச்சம் வாங்கும். ஜூமுக்கு அந்த வெளிச்சம் பத்தாது, பெரிய பிளாஷு வேணும். இன்னா எடுக்கப்போற நீ?"

"கல்யாணம்."

"கல்யாணத்துக்கு எல்லாரும் இப்ப ஜூமுதான் கேக்குறாங்க."

லாசர் சின்ன லென்சைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். கடைக்காரருக்கே சலித்துவிட்டது. லாசர் மனசில் ஓடியது இதுதான்: இதுநாள்வரை அந்தக் கடுகு முகங்களாவது ஒரு விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தன. ஆல்பத்தைப் பார்க்கிறவன், எடுத்தவன் ஏன் இவ்வளவு தூரத்தில் நின்றான் என்று ஒரு தடவையாவது கேட்பான். ஜூம் வந்தால் படம் அழகாக விழும். லாசரை எங்கே நிறுத்தினார்கள் என்பது அந்த அழகில் மறைந்துபோகும், யாருக்கும் தெரியாது. நாளாக ஆக அவருக்கே மறந்துபோகும்.

சின்னதை வாங்கிக்கொண்டு வந்தார். அற்புதமேரி அதைப் பார்த்தாள். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

கல்யாணத்தன்று காலை ஆறரை மணிக்கு முகூர்த்தம். கீற்றுப் பந்தலுக்குள் அப்போதும் இருட்டாகவே இருந்தது. லாசர் வழக்கமான இடத்தில், வாழைமரத்துக்கு வெளியே நின்றார். கோதண்டம் தூரத்திலிருந்து கையை உயர்த்தி, எல்லாம் சரிதானே என்பதுபோல் தலையாட்டினார். லாசரும் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல் பொய் என்று அவருக்குத் தெரியும்.

கெட்டிமேளம் என்று குரல் கொடுத்தார்கள். எல்லோரும் எழுந்தார்கள், எல்லார் கண்ணும் தாலியில் இருந்தது. லாசர் செருப்பைக் கழற்றி வாழைமரத்தடியில் விட்டார். நடந்தார். பாயை மிதித்து, பெண்கள் வரிசையைச் சுற்றிக்கொண்டு, மணவறைப் பலகையில் ஏறினார்.

குனிந்த ராஜாமணி, முடிச்சுப் போடும் மாப்பிள்ளையின் விரல்கள், விளக்கைப் பிடித்திருந்த நாத்தனார், எல்லாம் நாலடித் தூரத்தில் இருந்தன. லாசர் அமுக்கினார். பிலிமைத் தள்ளினார். கண்ணை எடுக்காமலே கேமராவைக் கொஞ்சம் இடப்பக்கம் திருப்பினார். கண்ணாடிக்குள் கோதண்டத்தின் முகம் நிறைந்து நின்றது.

கோதண்டம் போட்டோவுக்கு நிற்கிற ஆள் இல்லை. போட்டோ பிடித்தால் ஆயுசு குறையும் என்று அவர் அம்மா சொல்லி வைத்திருந்ததால் எந்தக் கல்யாணத்திலும் நழுவிவிடுவார், இல்லை முதுகைக் காட்டிவிடுவார். இப்போது நேருக்கு நேராக லென்சையே பார்த்துக்கொண்டிருந்தார். லாசர் அமுக்கினார். ஏன் அமுக்கினார் என்றால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"எறங்கு" என்றார் கோதண்டம். உதடு மட்டும்தான் அசைந்தது. மேளத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது.

லாசர் இறங்கினார். வந்த வழியே நடந்து வெளியே வந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். மிச்சப் படங்களைப் பழைய இடத்திலிருந்தே எடுத்தார்.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னதும் அற்புதமேரி, யாராவது அடிக்க வருவார்கள் என்று வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்துவிட்டாள். யாரும் வரவில்லை, அடிக்கவில்லை. சாயங்காலம்தான் ஒரு கேள்வி கேட்டாள்.

"தாலி கட்டுறது நல்லா வுழுந்துச்சா?"

"வுழுந்துச்சு."

"அப்ப சரி" என்றாள்.

ஆல்பத்தை மில்லில் வேலை செய்யும் எல்லப்பன் வந்து வாங்கிப்போனான். கோதண்டம் கோபித்துக்கொண்டதாகவும் சேதி இல்லை, பாராட்டினதாகவும் இல்லை. தை மாதம் ஊர்ப்பக்கம் ஏழு கல்யாணம் நடந்தது. ஏழுக்கும் தாம்பரத்திலிருந்து ஒரு போட்டோக்காரர் வந்தார். அவரிடம் ஜூம் இருந்தது. பந்தலுக்குள் எங்கே வேண்டுமானாலும் போகக்கூடியவருக்கு அது எதற்கு என்று லாசர் ஒருநாள் கடையில் தனியாக உட்கார்ந்து சிரித்தார். சிரித்து முடித்தபோது கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

இரண்டு வருஷம் கஷ்டமாகவே போயிற்று. அற்புதமேரி கீரைக்கட்டு விற்றாள். பிறகு மண்ணூர்ப் பக்கமும் அதைத் தாண்டியும் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. வேலைக்குச் சேர்கிறவன் கார்டில் ஒட்டப் போட்டோ கொண்டுவர வேண்டும். லாசர் கடையில் ஒரே ஒரு ஸ்டூல். காலனிப் பையன் எழுந்ததும் அந்தச் சூடு ஆறுமுன் ஊர்ப்பையன் அதில் உட்கார்ந்தான். "ஷிப்டுக்கு டைம் ஆவுது, சீக்கிரம் எடுங்க" என்றான். எல்லாரையும் லாசர் அதே சின்ன லென்சில் எடுத்தார். தாடையைத் தொட்டு முகத்தைத் திருப்பி வைக்கும்போது எவனும் முகம் சுளிக்கவில்லை. ஊர்க்காரர்கள் நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போய்விட்டிருந்தது. சுளிக்க நேரமும் இல்லை.

எண்பத்தாறு பங்குனியில் கோதண்டம் மில்லில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார். சேதி கேட்டதும் லாசருக்குக் கோதண்டத்தின் அம்மா சொன்ன ஆயுசுக் கணக்குதான் முதலில் ஞாபகம் வந்தது. அந்த ஒரு படம் எத்தனை நாளைக் குறைத்திருக்கும்? மூடநம்பிக்கை என்று தெரிந்தும் மனசு அதையே சுற்றியது. மண்ணூரில் ஊர்வலம் கிளம்பும் நேரத்துக்குக் கடை ஷட்டரைப் பாதி இறக்கி எழுந்து நின்றார்.

பத்தாம் நாள் ராஜாமணி ஸ்டுடியோவுக்கு வந்தாள். கையில் பழைய கல்யாண ஆல்பம்.

"லாசரண்ணா, கருமாதிக்கு அப்பா படம் மாட்டணும். வூடு பூரா தேடிட்டோம். தாம்பரத்துக்காரர் எடுத்ததுலல்லாம் முதுகுதான் கீது, இல்லாட்டி பாதி மூஞ்சி. இது ஒண்ணுலதான் நேரா பாக்குறாரு." விரலை வைத்துக் காட்டினாள். "நான் தாலி வாங்கிக்கும்போது என்னையே பாத்துகினு கீறாரு பாருங்க. கல்யாணம் ஆன நாள்லேந்து இத எத்தன தடவ பாத்துகீறேன் தெரியுமா. எங்கிட்ட ஒரு நாளும் ஆசையா ரெண்டு வார்த்த பேசினதில்ல அவரு. இதப் பாத்துத்தான் மனச தேத்திக்குவேன்."

கோதண்டம் அப்போது யாரைப் பார்த்தார் என்று லாசருக்குத் தெரியும்.

"பெருசா போட்டுத் தரேம்மா" என்றார்.

நெகட்டிவ் உறை எண்ணோடு பத்திரமாக இருந்தது. இருட்டறையில் சிவப்பு விளக்கடியில் பெரிய தாளைத் தட்டில் அமிழ்த்தினார். முதலில் மீசை வந்தது, பிறகு புருவ நடுவில் அந்த மடிப்பு, பிறகு கண்கள். ஏழு வருஷமாக லாசர் மனசில் இருந்தது அந்த மடிப்பு மட்டும்தான். இவ்வளவு பெரிதாக அவர் இதைப் பார்த்ததே இல்லை. இடது கண்ணின் கீழிமையில் ஒரு ஈரக்கோடு இருந்தது. தண்ணீர் கட்டி, வழியாமல் நின்றது.

மகளுக்காகக் கலங்கின முகம் திரும்பியபோது எதிரே லாசர் நின்றிருக்கிறார். கோபம் புருவத்துக்கு வந்துவிட்டது, கண்ணுக்கு இன்னும் வந்து சேரவில்லை. அந்த இரண்டுக்கும் நடுவில் லாசர் அமுக்கியிருக்கிறார். தாம்பரத்துக்காரரின் ஜூமுக்கு இது கிடைத்திருக்குமா என்று ஒரு கணம் கர்வமாக நினைத்தார். உடனே கூச்சமாக இருந்தது.

புருவ மடிப்பைப் பென்சிலால் தட்டி அழித்துவிடலாம். ரீடச் செய்வதில் லாசர் கெட்டிக்காரர். பென்சிலைச் சீவி, நெகட்டிவை விளக்குப் பெட்டியில் வைத்து, முனையை மடிப்பின்மேல் கொண்டுபோனார். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். மடிப்பு லாசரைப் பார்த்து வந்தது, ஈரம் மகளுக்காக வந்தது. இரண்டில் எதை அழிக்கவும் தனக்கு உரிமை இல்லை என்று தோன்றியது.

கருமாதிக்கு முதல் நாள் சட்டம் போட்ட படத்தைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய் வாசலில் நின்றார். ராஜாமணி எட்டிப் பார்த்தாள்.

"அங்கயே இன்னா நிக்கிறீங்க? உள்ள வாங்க. நீங்களே மாட்டிக் குடுத்துடுங்க, கோணாம இருக்கும்."

லாசர் செருப்பை விட்டுவிட்டு உள்ளே போனார். கூடத்துச் சுவரில் ஆணி அடித்திருந்தது. கீழே கோதண்டத்தின் மனைவி சுந்தராம்பாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். லாசரைப் பார்த்தார். லாசர் ஸ்டூலில் ஏறித் துணியை விலக்கிப் படத்தை மாட்டினார்.

சுந்தராம்பாள் நிமிர்ந்து பார்த்தார்.

"யாரப் பாக்குறாரு இவரு?" என்றார்.

"என்னத்தாம்மா" என்றாள் ராஜாமணி.

சுந்தராம்பாளின் பார்வை ஸ்டூல்மேல் நின்ற லாசரிடம் வந்து நின்றது. அன்றைக்குப் பந்தலில் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றவர் அவர். அவரைத் தாண்டித்தான் லாசர் மணவறை ஏறினார். "நீ சொல்லு லாசரு. எடுத்தவன் நீதானே."

லாசர் படத்தைப் பார்த்தார். நாலடிகூட இல்லை, ஒரு முழத் தூரத்தில் அந்த மடிப்பும் அந்த ஈரமும் இருந்தன. லென்சைப் பார்த்த கண் அது. இந்தக் கூடத்தில் யார் எங்கே நின்றாலும் அவரைத்தான் பார்க்கும்.

"பாப்பாவத்தாம்மா" என்றார்.

சுந்தராம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். ராஜாமணி அழுதாள். கண்ணாடியில் தன் விரல் பட்ட தடம் இருந்ததை லாசர் தோள் துண்டால் துடைத்தார். கோணல் இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்தார். பிறகு இறங்கினார், இந்தத் தடவை யாரும் சொல்லாமல்.