புலம்பல் செயலியில் ஒரு லிஃப்ட்காரர்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வயிற்றெரிச்சலில் பிறந்தது. புதிதாக வந்த ஒரு சமூக வலைத்தளத்தில் போன மாதம் சேர்ந்து, "இடுப்பு வலிக்கிறது" என்று முதல் பதிவு போட்டேன். ஒரே நிமிடத்தில் பதினேழு பேர் ஆறுதல் சொன்னார்கள். சொந்த வீட்டில் அதே இடுப்பைப் பற்றி ஒரு வாரம் புலம்பியும் ஒரு ஆள் திரும்பிப் பார்க்கவில்லை. பூரித்துப்போனேன். பிறகுதான் கவனித்தேன், பதினேழு பேருக்கும் முகத்துக்குப் பதில் பூந்தொட்டிப் படம். ஒருவர்கூட மனிதர் இல்லை. கம்பெனிக்காரர்களே கட்டிவிட்ட ஆட்கள்.

அந்தப் பதினேழு பேரையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்க வேண்டுமே, அந்த மகராசி யார் என்று யோசித்தேன். அவ்வளவுதான், கதை மாட்டிக்கொண்டது. [நான் மாட்டிக்கொண்டேன் என்பதே சரி.]

2

தொடக்கம் ஒன்று: "மழை பெய்துகொண்டிருந்தது. அவள் கணினியின் முன்…" வேண்டாம். அலுவலகத்துக்குள் மழைக்கு என்ன வேலை?

தொடக்கம் இரண்டு: "நவீன மனிதனின் தனிமை என்பது…" இதை வேறு யாராவது எழுதியிருந்தால் புத்தகத்தை அப்போதே மூடியிருப்பேன்.

தொடக்கம் மூன்று, இது போதும்: ஒரு மருமகள் இருந்தாள். இப்போதெல்லாம் வாரத்துக்கு ஒரு செயலி முளைக்கிறது அல்லவா? குரலில் மட்டும் பேசலாம் என்று ஒன்று, போட்ட படம் பத்து நிமிடத்தில் அழிந்துபோகும் என்று ஒன்று, நமக்குப் பதிலாக இயந்திரமே அரட்டை அடிக்கும் என்று ஒன்று. மருமகள் வேலை பார்த்த கம்பெனி கண்டுபிடித்ததன் பெயர் "புலம்பல்". அதில் நல்ல செய்தி போட முடியாது. போட்டால் திருப்பி அனுப்பிவிடும். விருப்பக்குறியும் கிடையாது. அந்த இடத்தில் "அடப்பாவமே" என்று ஒரு பொத்தான்.

ஊருக்குத் திறந்துவிடுமுன் பொய் ஆட்களை நிரப்பி வைப்பது அந்தத் தொழிலின் வழக்கம். காலியான ஓட்டலுக்குள் யார் போய் உட்காருவார்கள்? மருமகள் நாற்பது பேரை எழுதினாள். அவர்கள் பெயரில் உட்கார்ந்து பதில் போடுவதும் அவள்தான். சட்டம் இரண்டு. யார் புலம்பினாலும் மூன்று நிமிடத்தில் ஆறுதல் சொல்ல வேண்டும். என்ன ஆனாலும் எதிர்த்துப் பேசக் கூடாது.

நாற்பதில் அவளுக்குப் பிடித்தவர் ஓய்வுபெற்ற லிஃப்ட்காரர், கட்டை பிரம்மச்சாரி. "முப்பது வருஷமா ஏறி ஏறி இறங்கினேன், போய்ச் சேர்ந்த இடம்னு ஒண்ணும் இல்ல" என்பது அவருடைய முதல் புலம்பல். எழுதி முடித்தபோது அவளுக்கே பாவமாக இருந்தது.

3

கணவன் ஒருவனையும் எழுதினேன். வந்தான், போனைப் பார்த்தான், "சாப்பாடு இன்னும் ஆகலையா?" என்றான். இவனால் கதைக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. வேலை விஷயமாக வெளியூர் அனுப்பிவிட்டேன்.*

வீட்டில் மருமகளும் மாமியாரும் மிஞ்சினார்கள். சண்டை கிடையாது. சண்டை போடவும் பேச வேண்டுமே! "சாப்பாடு மேசைமேல இருக்கு." "சரிங்கத்தை." நாலு வருஷமாக இந்த இரண்டு வசனம்தான்.

ஊழியர்கள் வீட்டிலிருந்து ஆளுக்கு ஒரு நிஜ மனிதரையாவது சேர்க்க வேண்டும் என்றார் மேலாளர். மருமகள் மாமியாரின் போனில் புலம்பலை ஏற்றிக் கொடுத்தாள். இவர் எங்கே தொடப்போகிறார் என்ற தைரியம். மறுநாள் காலை பத்து மணிக்கு அலுவலகத்தில் அவள் திரையில் வந்து விழுந்தது:

"என் மருமக குளிச்சிட்டு ஈரத் துண்ட கட்டில் மேல போடுறா. கேக்க நாதியில்ல."

மூன்று நிமிடம். எதிர்த்துப் பேசக் கூடாது. மருமகள் பல்லைக் கடித்துக்கொண்டு லிஃப்ட்காரராகி, தட்டினாள்: "அடப்பாவமே! ஈரத் துண்டா? அதுவும் கட்டில் மேலயா? உங்களுக்கு ரொம்பப் பொறுமைங்க."

மாமியார் குளிர்ந்துபோனார். பிறகு என்ன, தினமும் பத்து மணிக்குக் கச்சேரி. மருமகள் கழுவிய டம்ளரை அவர் மறுபடி கழுவுகிறாராம். மருமகள் கதவைச் சாத்தினால் வீடே அதிர்கிறதாம். லிஃப்ட்காரர் ஒவ்வொன்றுக்கும் கொதித்தார். டம்ளர் விஷயத்தில் "கையா அது?" என்றே கேட்டுவிட்டார். அனுப்பிய பிறகு மருமகள் தன் கையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு நாள் ரோஷம் வந்து துண்டைக் கொடியில் உலர்த்திவிட்டு வேலைக்குப் போனாள். பத்து மணிக்குப் பதிவு:

"இன்னிக்கு துண்ட கொடியில போட்டிருக்கா. எனக்கு பக்குனு இருக்கு. உடம்புக்கு முடியலயோ? கேட்டா தப்பா எடுத்துப்பாளோன்னு கேக்கல."

மருமகள் அதை இரண்டு தடவை படித்தாள். அந்த வீட்டில் தன்னைப் பற்றி ஒருவர் கவலைப்படுகிறார் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. மூன்று நிமிடம் தாண்டி எழுதினாள்: "கேளுங்க. தப்பா எடுத்துக்க மாட்டா."

மாமியார் கேட்கவில்லை. அன்று சாயங்காலம் ஒரு டம்ளர் வெந்நீரை டொக்கென்று அவள் முன்னால் வைத்துவிட்டுப் போனார்.

* திரும்பி வர டிக்கெட் எடுக்க மறந்துவிட்டேன். யாரும் தேடவில்லை.

4

"திங்கக்கிழமை ஊருக்கே திறக்குறோம். பொய் ஆளுங்க நாப்பது பேரையும் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குத் தூக்கிடுங்க" என்றார் மேலாளர்.

"சார், ஒருத்தர் மட்டும் இருக்கட்டுமே."

"யாரு?"

"லிஃப்ட்காரர்."

"ஏன், உங்க சொந்தக்காரரா?"

"ஒரு வகையில… எங்க வீட்டுக்கு ரொம்ப வேண்டியவர் சார்."

மேலாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். "லீவு வேணும்னா நேரா கேளுங்கம்மா."

5

ஆக, லிஃப்ட்காரரை எப்படி வழியனுப்புவது?

(அ) சாகடிக்கலாம். மருமகள் "நெஞ்சு வலி" வரை தட்டினாள். துக்கம் விசாரிக்க மாமியார் விலாசம் கேட்பார் என்று தோன்றியது. அழித்துவிட்டாள்.

(ஆ) வெளிநாட்டில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போகிறார். [கட்டை பிரம்மச்சாரி என்று இரண்டாம் பகுதியில் எழுதித் தொலைத்தது நான்தான்.]

(இ) மாமியாருக்கு முதலிலிருந்தே எல்லாம் தெரியும். நீங்கள் இதைத்தானே நினைத்துக்கொண்டிருந்தீர்கள்? நானும் நினைத்தேன். இல்லை, தெரியாது. அவர் மனதார நம்பிப் பேசியதைப் பார்த்த பிறகு எனக்கு மனசு வரவில்லை.

(ஈ) உண்மையைச் சொல்லிவிடுவது. அதற்கு மருமகளுக்குத்தான் தைரியம்… இருங்கள், யாரோ கதவைத் தட்டுகிறார்கள்.

6

வெள்ளிக்கிழமை அவளுக்கு வீட்டிலிருந்தே வேலை. இரண்டு நாளாக லிஃப்ட்காரர் வாய் திறக்கவில்லை, அவளுக்குக் கை வரவில்லை. மூன்றரை மணிக்கு மாமியார் அறைக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, வேலையா இருக்கியா?"

"இல்லத்தை, சொல்லுங்க."

"இந்தப் புலம்பல்ல தெரிஞ்சவர் ஒருத்தர். ரெண்டு நாளா ஆளையே காணோம். என் மேல கோவமோ என்னவோ. எனக்கு நீளமா அடிக்க வராது. சொல்லச் சொல்ல அடிக்கிறியா?"

போன் கைமாறியது. மாமியார் கட்டிலில் உட்கார்ந்தார்.

"போடு. ஐயா, என் மருமகளப் பத்தி உங்ககிட்ட நிறைய சொல்லிட்டேன்."

"போட்டாச்சு."

"நீங்களும் எனக்காக அவளத் திட்டுனீங்க. மொதல்ல நல்லாத்தான் இருந்துச்சு. அப்புறம் நல்லா இல்ல."

"…போட்டாச்சு."

"ஆனா அவ…" மாமியார் நிறுத்தினார். தொண்டையைச் செருமினார். புடவைத் தலைப்பைச் சுருட்டினார், பிரித்தார். "மீதிய நீயே போட்டுக்கம்மா. எனக்கு வாயில வர மாட்டேங்குது."

எழுந்து போவார் என்று பார்த்தால் போகவில்லை. இன்னும் நெருங்கி உட்கார்ந்து திரையை எட்டிப் பார்த்தார்.

7

அந்த ஒரு வரியை நான் ஒன்பது தடவை எழுதிவிட்டேன். "நல்ல பொண்ணு" என்றால் கல்யாணத் தரகர் பேச்சு. "என் மக மாதிரி" என்றால் மாமியார் உயிர் போனாலும் சொல்ல மாட்டார், சொன்னாலும் இவள் நம்ப மாட்டாள். இல்லாத ஒரு மனிதருக்கு, தன்னைப் பற்றி, மாமியாரின் வாய்மொழியாக, அவர் கண்ணெதிரே அவள் எழுத வேண்டும். நாலு மணிக்கு இன்னும் பதினோரு நிமிடம் இருக்கிறது. எனக்கு வியர்க்கிறது.

நீங்கள் எழுதுங்கள். எனக்கு அனுப்ப வேண்டாம், அனுப்பவேண்டிய ஆள் உங்கள் வீட்டிலேயே பக்கத்து அறையில் இருப்பார். முதல் இரண்டு வார்த்தையை நான் தருகிறேன், அதற்கு மேல் என்னைக் கேட்காதீர்கள்:

"ஆனா அவ