பகல் குளுசைக்குப் பச்சை

நேர்ஸ் முனவ்வரா மிஸ்ஸின் கையில் ஆஸ்பத்திரி அந்த டெப் என்கிற கைக்கணினியைக் கொடுத்த நாளிலிருந்து, கரைத்தீவில் யாருக்கு எவ்வளவு சீனி, யாருக்கு எவ்வளவு பிரஷர் என்பது அரசாங்கக் கதையாகிவிட்டது. அதற்கு முன்பும் இந்தச் செய்திகள் சேகரிக்கப்பட்டுத்தான் வந்தன. ஊர் அதை இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. ஒருவரும் சம்பளம் கேட்டதில்லை.

சீனிக் கிளினிக்கில் பெயர் பதிந்தவர்களின் வீடுகளுக்குப் போய், மருந்து ஒழுங்காகக் குடிக்கிறார்களா என்று கேட்டு டெப்பில் பதிவது அவளுடைய வேலை. கைப்பிள்ளையைப் போல அதை நெஞ்சோடு அணைத்து, வெயில் படாமல் ஹபாயாவின் கையால் மறைத்துக்கொண்டு வீடுகளுக்கு நடுவிலுள்ள ஒழுங்கைக்குள் வருவாள். அவள் வருவது தெரிந்தால் சீனிப் போத்தல்கள் அலுமாரிக்குள் போகும். தேநீருக்குக் கருப்பட்டி கடிக்கும் மனுசன்மார் வாயைத் துடைத்துக்கொண்டு நல்ல பிள்ளைகளாக உட்காருவார்கள்.

டெப்பில் ஒவ்வொரு ஆளுக்கும் மூன்று கட்டங்கள். காலை, பகல், இரவு. மருந்துக் குளுசை குடித்திருந்தால் ஒரு தட்டு, கட்டம் பச்சையாகும். குடிக்காவிட்டால் சிவப்பு. சிவப்போடு அது விடுவதில்லை. ஏன் என்று கேட்கும். மறந்துவிட்டார், மருந்து முடிந்துவிட்டது, ஒத்துக்கொள்ளவில்லை, மறுத்துவிட்டார் என்று காரணங்களை வரிசையாக நீட்டும். அந்த வரிசையில் நோன்பு இல்லை. இதைச் செய்தவர் வருசம் முழுக்கப் பகல் சோறு தவறாதவராக இருக்க வேண்டும்.

றமழான் தொடங்கியதும் தொல்லையும் தொடங்கியது.

"பகல் குளுசை குடிச்சீங்களா?" என்று அவள் அதே ஒழுங்கையில் இருக்கும் றைஸாவின் வாசலில் நின்று கேட்டாள்.

"மிஸ், ஒங்கட உதடே காஞ்சி போய்க் கிடக்கு," என்றாள் றைஸா. "நோன்போட வந்து நோன்பாளிக்கிட்ட இதக் கேக்க வெக்கமா இல்லயா?"

அந்தக் கிழமை கரையில் மீன் வாடி போட்டிருக்கும் ஒரு கிழவருக்கு 'மறுத்துவிட்டார்' என்று சிவப்புப் போட்டாள். அடுத்த கிளினிக்கில் டொக்டர் எல்லோருக்கும் முன்னால் அவரைப் பிடித்துக்கொண்டார். சாகிறதற்கு ஆசையா, அப்படியென்றால் இங்கே ஏன் வருகிறீர்கள் என்று கேட்டார். கிழவர் தொப்பியைக் கழற்றிக் கையில் சுருட்டிக்கொண்டு நின்ற நிற்பு முனவ்வராவின் கண்ணை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு அவள் யாருக்கும் சிவப்புப் போடவில்லை. நோன்பு பிடித்தவர்களுக்கெல்லாம் பகலில் பச்சை. ஊரின் மானத்தைக் காப்பாற்றுகிற மாதிரி அவளுக்கு இருந்தது.

மானத்தைக் காப்பாற்றத் தொடங்கினால் காலுக்கும் கொஞ்சம் ஓய்வு கிடைக்கிறது. பதில்தான் தெரியுமே, பிறகு எதற்கு வீடு வீடாக? பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள வேப்பமர நிழலில் உட்கார்ந்து, ஒழுங்கை முழுவதையும் விரலாலேயே நடந்து முடித்தாள். ஊர் அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. தனக்கும் வசதியான காரியத்தை ஊர் கேள்வி கேட்பதில்லை.

கிளினிக்குக்குப் பொறுப்பான ஜூலியானா சிஸ்டர் கற்பிட்டிக்காரி. மேற்படிப்புக்காக ஓர் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள்: நோன்பு மாதத்தில் சீனி வருத்தக்காரர்கள் மருந்தை என்ன செய்கிறார்கள் என்பதுதான் அது. எல்லா டெப்களிலிருந்தும் வருவது அவளுடைய கொம்பியூட்டரில் கோடாக ஓடும். மற்றப் பகுதிகளின் கோடுகள் நோன்பு தொடங்கிய தலைப்பிறையோடு தொப்பென்று விழுந்தன. கரைத்தீவுக் கோடு மட்டும் களப்புத் தண்ணீர் மாதிரி அலையில்லாமல் கிடந்தது.

"இஞ்ச பாருங்கோ முனவ்வரா, உங்கட சனத்த," என்று சிஸ்டர் அவளைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எப்பிடிச் செய்றீங்க? மற்ற நேர்ஸ்மாருக்கும் சொல்லிக் குடுங்கோவன்."

"கதைக்கிற மாதிரிக் கதைச்சா கேப்பாங்க, சிஸ்டர்," என்றாள் முனவ்வரா. சொன்ன வாயை உடனே மூடிக்கொண்டாள். ஆனால் சிஸ்டர் அவளுடைய பெயரை ஆராய்ச்சியில் நன்றியோடு போடப் போகிறாள் என்பதை வீட்டில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. புருசன் றஸீன் அதை ஓட்டோ தரிப்பிடத்தில் இறக்கினான். மஃரிபுத் தொழுகைக்கு முன் நோன்புக் கஞ்சி வாளியோடு அது எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது.

நோன்பின் நடுப் பகுதியில் உம்மு குல்சூம் மாமி கிளினிக்குக்கு வந்தார். தொண்ணூறாம் ஆண்டு முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து கைப்பிள்ளையோடு வந்து, இங்கேயே உப்பளத்தில் வேலை செய்து, அந்தப் பிள்ளையைக் கட்டிக் கொடுத்த மனுசி. முனவ்வராவின் வீட்டுக்கு இரண்டு வேலி தள்ளி இருக்கிறார். ஆஸ்பத்திரியில் அவளை 'மிஸ்' என்பார், வேலியடியில் 'புள்ள' என்பார்.

விரலில் குத்திப் பார்த்ததில் சீனி தாறுமாறாக ஏறியிருந்தது. பகல் குளுசை இல்லை; இரவில் வட்டிலப்பமும் பொரித்ததும் உண்டு; ஏறாமல் என்ன செய்யும். டொக்டர் சிங்களவர், நல்ல மனுசன், தமிழை எட்டிப் பிடித்துக் கதைப்பவர்.

"அம்மா, சீனி நல்லா கூடி. நோன்பு பிடிக்கிற?" என்று கேட்டார். பதில் வருமுன் அவருடைய கண் கொம்பியூட்டர் திரைக்குப் போனது. "ஆ, இல்ல. பகல் மருந்தும் எல்லா நாளும் எடுத்து இருக்கு."

"கரைத்தீவு ஆக்கள் எல்லாரும் ஒழுங்கு, டொக்டர்," என்றாள் பக்கத்தில் நின்ற ஜூலியானா சிஸ்டர், பெருமையாக.

உம்மு குல்சூம் மாமி முனவ்வராவைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. என்ன சொல்ல வேண்டும் என்று கேட்கிற பார்வை. ஒரு சொல் போதும். இல்லை டொக்டர், அது நான் போட்ட பச்சை. அதைச் சொல்லத்தான் முனவ்வரா நிமிர்ந்தாள். சிஸ்டரின் சிரித்த முகம் தெரிந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் வரிசையில் நின்றவர்களின் காதுகள் தெரிந்தன. அவள் குனிந்து டெப்பின் கண்ணாடியை ஹபாயாவின் கையால் துடைத்தாள். அதில் ஒரு அழுக்கும் இருக்கவில்லை.

"எல்லா மருந்தும் குடிச்சும் கூடினா, இந்த மருந்து காணாது," என்று டொக்டர் வலுக்கூடிய குளுசை ஒன்றை எழுதினார்.

மறுநாள் மாமி அந்தப் புதுக் குளுசையை விடியுமுன் ஸஹர் சாப்பாட்டோடு குடித்துவிட்டு, நோன்பு நிய்யத்து வைத்து, உப்பளத்துக்குப் போனார். பின்னேரம் அஸர் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால், உப்புக் கூடையைத் தலைக்கு ஏற்றப் போனவர் அப்படியே பாத்திக்குள் சரிந்தார். வேர்வையில் சட்டை நனைந்து, பேச்சுக் குழறி, தன்னைத் தூக்கியவளை உம்மா என்று கூப்பிட்டாராம். றஸீனின் ஓட்டோவில்தான் கொண்டுபோனார்கள். கூடவே ஏறிய பக்கத்து வீட்டு றைஸா வாய்க்குள் சீனித் தண்ணீர் விடப் பார்த்தாள். பல்லை இறுக்கிக்கொண்டு மனுசி தலையை ஆட்டியது, நோன்பாம்.

நல்ல வேளை, குளுக்கோஸ் ஏறியதும் கண் திறந்தது.

கட்டிலைச் சுற்றி டொக்டரும் சிஸ்டரும் நின்றார்கள். முனவ்வரா கால்மாட்டில் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீனி கூடி என்று மருந்து கொடுத்த மனுசிக்கு இப்படி இறங்கினது எப்படி என்று டொக்டருக்கு விளங்கவில்லை.

"இவங்க நோன்பாம், டொக்டர்," என்று றைஸா போட்டுடைத்தாள். "மொத நாள்ல இருந்தே."

"அப்ப பகல் மருந்து குடிச்ச எண்டு இருக்கிற?"

எல்லோரும் முனவ்வராவைப் பார்ப்பதற்கு ஒரு நொடி முன்பு, கட்டிலில் இருந்து சத்தம் வந்தது. மெல்லிய சத்தம்தான், ஆனால் தெளிவானது.

"நான்தான் பொய் சொன்ன. மிஸ் வந்து வந்து கேட்டிச்சி. குடிச்சிட்டன், குடிச்சிட்டன் எண்டு நான்தான் சொன்ன. அந்தப் புள்ள என்ன செய்யும்."

டொக்டர் உஷ் என்று மூச்சு விட்டார். கொம்பியூட்டரைத் திறந்து மாமியின் பெயருக்குக் கீழே எழுதினார்: மருந்து பற்றி இவர் சொல்வதை நம்ப முடியாது. புத்தளத்துக்குப் போனாலும் கொழும்புக்குப் போனாலும் மாமியின் பெயரைத் தட்டினால் முதலில் அதுதான் வரும். சிஸ்டர் முனவ்வராவின் தோளைத் தட்டி, "கவலப்படாதீங்கோ, உங்கட பிழை இல்லத்தானே," என்றாள். அந்தக் கை பட்ட இடம் சுட்டது.

அன்று நோன்பு திறக்கும்போது முனவ்வராவின் வாயில் பேரீத்தம் பழம் மெல்லப்படாமல் கிடந்தது. றஸீன் கஞ்சியை ஊதிக்கொண்டே சொன்னான்: "தரிப்பிடத்துல எல்லாரும் சிரிக்கிறானுகள். வயசு போன மனுசி, நோன்போட இப்பிடிப் பொய் சொல்லியிருக்கு எண்டு." அவள் எழுந்து அடுப்படிக்குப் போய், எந்தக் காரணமும் இல்லாமல் பானையைத் திறந்து மூடினாள். ஊர் சிரித்தது மாமியைப் பார்த்து. சிரிப்புக்குரியவள் இங்கே கஞ்சிப் பானையோடு நிற்கிறாள் என்று யாருக்கும் தெரியாது. அப்படிச் சொல்லவும் முடியாது. வேப்பமர நிழலில் அவளைப் பார்த்தவர்கள் ஒழுங்கையில் நிறைய இருந்தார்கள். அவர்கள் தன்னைப் பார்த்தும் சிரித்திருந்தால் அவளுக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

காலையில் ஜூலியானா சிஸ்டரின் அறைக் கதவை அவளே சாத்தினாள்.

"சிஸ்டர், மாமி பொய் சொல்லல்ல. நான் கேக்கவே இல்ல. கேக்காமத்தான் பச்ச போட்ட."

சிஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினாள். "அவங்கட மட்டுமா?"

"நோன்பு பிடிச்ச எல்லாரோடயும்."

முனவ்வரா அவசரமாகச் சொன்னாள்: "அதுல நோன்பு எண்டு ஒரு காரணம் இல்ல, சிஸ்டர். மறுத்துவிட்டார் எண்டு போட்டா டொக்டர் ஏசுறார். அதுதான்."

"கீழ தள்ளிப் பாக்கேல்லையா?"

காரணங்களின் வரிசையை விரலால் மேலே தள்ளினால், அடியில் 'வேறு காரணம்' என்று ஒரு வெற்றுக் கட்டம் உண்டு. ஒவ்வொரு ஆளுக்கும் எழுத்து எழுத்தாகத் தட்ட வேண்டும். முனவ்வரா அதைப் பார்க்காதவள் அல்ல. கிழவருக்குச் சிவப்புப் போட்ட அன்றே பார்த்தாள். வெயிலில் அவ்வளவும் யார் தட்டுவது என்று விட்டாள். இவ்வளவு நாளும் ஊரின் மானம் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டதில் எவ்வளவு பங்கு மானம், எவ்வளவு பங்கு சோம்பல் என்று அந்த அறையில் நின்றபோது அவளுக்குக் கணக்கு விளங்கியது. முகம் காது வரைக்கும் எரிந்தது.

"இந்த ஆராய்ச்சியோட நான் கொழும்பில எழும்பி நிண்டு என்ன சொல்லப் போனன் தெரியுமா?" சிஸ்டர் குரலை உயர்த்தவில்லை, உயர்த்தியிருந்தால் தாங்கியிருக்கலாம். "நோன்பு மாசத்தில பகல் மருந்த ஸஹருக்கும் நோன்பு திறக்கிற நேரத்துக்கும் மாத்திக் குடுக்க ஒரு ஏற்பாடு வேணும் எண்டு கேக்கத்தான் இத நான் தொடங்கினன். உங்கட பச்சையப் பாத்துப்போட்டு, நல்லாக் கேட்டா சனம் பகல்ல குடிக்கும், ஏற்பாடு தேவையில்ல எண்டு எழுதி வச்சிருக்கிறன். உங்கட சனத்துக்கு எதிரா, உங்கட கையால, முனவ்வரா."

பிறகு டெப்பை அவள் பக்கம் தள்ளினாள். "எல்லாத்தையும் திருத்துங்கோ. இஞ்சயே இருந்து."

திருத்துவதற்கும் டெப் ஒரு கேள்வி வைத்திருந்தது. தவறு யாருடையது? நோயாளி சொன்னதா, பதிந்தவருடையதா? பதிந்தவர் என்று தட்டினால் பக்கத்தில் பெயர் வந்து நிற்கும். கிளினிக்கில் யார் திறந்தாலும் தெரியும். அவள் உம்மு குல்சூம் மாமியிலிருந்து தொடங்கினாள். பச்சை அழிந்து அவளுடைய பெயர் வந்தது. அடுத்த ஆள். மறுபடி பெயர். நடுப்பகல் ளுஹர் பாங்கு சொல்லும்போதும் அவளுடைய பெயர் வரிசையாக இறங்கிக்கொண்டே இருந்தது. களப்புப் போலக் கிடந்த கோடு, மற்றப் பகுதிகளின் கோடுகளைவிடவும் கீழே, சிஸ்டரின் திரையில் இடிந்து விழுந்தது. டொக்டர் வந்து, ஒன்றும் சொல்லாமல், மாமியின் பெயருக்குக் கீழே எழுதியதை அழித்தார். முனவ்வராவைப் பார்க்கவும் இல்லை.

கரைத்தீவின் ஒவ்வொரு வீட்டுக்கும் திரும்பப் போய்க் கேட்டுப் பதிய வேண்டும் என்பது சிஸ்டரின் உத்தரவு. முதல் வீடு எது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உம்மு குல்சூம் மாமி வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். டொக்டர் இந்த வருசம் நோன்பை விடச் சொல்லியிருந்தார். கையில் பாணும் பருப்பும் இருந்த கோப்பை. முனவ்வராவைக் கண்டதும் அதை மறைக்கப் பார்த்து, பிறகு மறைக்கவில்லை.

"கேள்விப்பட்டன்," என்றார். "நான் நோன்பு வாயால பொய் சொன்ன. அந்தப் பாவம் எண்ட கழுத்துல கிடந்தாலும் ஒங்களுக்கு ஒதவட்டும் எண்டு பாத்த. நீங்க போய் எல்லாத்தையும் ஒப்புவிச்சிட்டீங்க. இப்ப எனக்கு நோன்பும் இல்ல, பொய்யும் வீண்."

"மன்னிச்சிக்கோங்க, மாமி."

"அது பொறகு பாப்பம். கேக்க வந்தத கேளுங்க, மிஸ்."

வேலியடியில் அவர் அவளை மிஸ் என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

முனவ்வரா நிலத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டாள்: "நோன்பு நாள்ல பகல் குளுசை குடிச்சீங்களா?"

வேலிக்கு அந்தப் பக்கம் துணி காயப்போடுவது போல நின்ற றைஸா, காய்ந்த துணியையே மறுபடி உதறினாள். "கொஞ்சம் சத்தமாக் கேளுங்க மிஸ். எங்கட வீட்டுக்கும் வருவீங்கதானே, பதிலப் பாடமாக்க வேணாமா?"

ஒழுங்கையில் இரண்டு மூன்று வாசல் திரைச்சீலைகள் அசைந்தன. முனவ்வரா தலையை நிமிர்த்தி, மாமியின் முகத்தைப் பார்த்து, மறுபடி கேட்டாள். இந்தத் தடவை ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"இல்ல," என்றார் மாமி. "ஒரு நாளும் குடிக்கல்ல."

அவள் சிவப்பைத் தட்டினாள். காரணங்களின் வரிசை நீண்டது. விரலால் அதை மேலே தள்ளி, அடியிலிருந்த வெற்றுக் கட்டத்தில், எழுத்து எழுத்தாக, நோன்பு என்று எழுதினாள். வெயில் கண்ணாடியில் பட்டுக் கூசியது. மாமி பாணைப் பருப்பில் தோய்த்துக்கொண்டே, அவள் சரியாக எழுதுகிறாளா என்று எட்டிப் பார்த்தார்.